பகிடி என்று சொல்லிப் பிள்ளையை வதைக்கலாமா?

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்து முடிந்து, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். அடுப்பு இன்னும் மூட்டியிருக்க மாட்டீர்கள். ஆகவே நீண்ட நேரம் பிடிக்க மாட்டோம். போன கூட்டத்தில் குடிதண்ணீரைப் பற்றிக் கதைத்தோம், அதற்கு முந்தியதில் சேமலாப நிதியைப் பற்றிக் கதைத்தோம். இந்த முறை கதைக்கப் போவது கண்ணுக்குத் தெரியாத ஒரு விடயம். தண்ணீர்க் குழாய் உடைந்தால் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பாடசாலையில் பிள்ளையின் மனம் உடைந்தால் வீட்டிலிருக்கும் நமக்கே தெரிவதில்லை.

ஒரு டிவிஷனில் நடந்ததைச் சொல்கிறோம். எந்த டிவிஷன் என்று கேட்காதீர்கள். ஒரு பெண்பிள்ளை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து, டவுன் பாடசாலையில் ஆறாம் தரத்துக்குச் சேர்ந்தாள். லயமே சந்தோஷப்பட்டது. மூன்றாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் வயிற்றுவலி. தோட்டத்து மருந்துக்காம்பராவில் மருந்து எடுத்தார்கள். கேட்கவில்லை. கோயிலில் நூல் கட்டினார்கள். செவ்வாய்க்கிழமை நல்லாகிவிடும், அடுத்த திங்கள் திரும்ப வரும்.

நாங்கள் அந்த லயத்துக்கு மலசலகூட விடயமாகப் போயிருந்தோம். பின்பக்கம் பீலியடியில் அந்தப் பிள்ளை ஒரு பழைய பிரஷ்ஷால் வெள்ளைச் சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்பத் தேய்க்கிறாள், விரல் நுனியெல்லாம் தோல் வெளுத்துப்போய்விட்டது. "என்னம்மா, இனி வெள்ளை எங்கே இருக்கு, சப்பாத்துத்தான் தேயப் போகுது" என்றோம். "சேறு போகலைங்க ஐயா" என்றாள். அந்தச் சப்பாத்தில் சேறே இல்லை.

பிறகு மெதுவாக விடயம் வெளியே வந்தது. தோட்டத்து ரோட்டில் மூன்று மைல் நடந்து, மழையில் செம்மண் அப்பிய சப்பாத்தோடு வகுப்புக்குப் போன முதல் வாரமே அவளுக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்கள். அவள் உட்காரும் வாங்கைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பிரித்தார்கள். ரொட்டியும் சம்பலும் கொண்டுபோனால் அதற்கும் ஒரு பாட்டு. கொப்பியை ஒளித்து வைப்பது. கடைசியில் ஒருத்தரும் அவளோடு கதைக்கக் கூடாது என்று ஒரு கட்டளை. கட்டளை போட்டது ஒரு பிள்ளை. கேட்டு நடந்தது முப்பத்தைந்து பிள்ளைகள். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "அம்மா பஸ்ஸுக்குக் காசு கடன் வாங்கித் தர்றாங்க, நான் எப்படிச் சொல்றது" என்றாள்.

தாய்மார்களே, இந்தப் பதிலை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் யோசியுங்கள். பிள்ளை பொய் சொல்லவில்லை, பயந்தும் மறைக்கவில்லை. நம்முடைய கஷ்டத்தைப் பார்த்து, தன்னுடைய கஷ்டத்தை விழுங்கிவிட்டது.

இந்த விடயத்தைக் கதைக்க எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்டால், படிப்பு இல்லை. சாதாரண தரத்தோடு நின்றவர்கள் நாங்கள். ஆனால் வாங்கியும் இருக்கிறோம், கொடுத்தும் இருக்கிறோம். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்வது சரியில்லை.

எங்களுடைய ஊர் திருகோணமலை மாவட்டத்தில் மூதூருக்குப் பக்கத்திலுள்ள கட்டைபறிச்சான். மூதூரிலிருந்து இறால்பாலம் தாண்டிப் போகவேண்டும். வயலும் களப்புமான இடம். இங்கே தேயிலை எப்படியோ அங்கே நெல்லும் மீனும். 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது குடும்பம் குடும்பமாக ஓடினோம். கொஞ்சம் அடங்கிய பிறகு, எங்களையும் தம்பியையும் சித்தப்பா வீட்டில் விட்டு, டவுன் பாடசாலை ஒன்றில் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் இன்றைய பாலங்கள் இல்லை. கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில்தான் போகவேண்டும். அம்மா கரையில் நின்று கையைக் காட்டியது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் ஊர்ப் பேரைக் கேட்டார். கட்டைபறிச்சான் என்றோம். அவ்வளவுதான். "எங்கடா கட்டையைப் பறிச்சனீ, யாருடைய கட்டையைப் பறிச்சனீ" என்று தொடங்கினார்கள். நாங்கள் உயரம் வேறு குறைவு. அன்றிலிருந்து பேர் 'கட்டை'. ஊரின் பேரைச் சொல்லவே வெட்கப்பட்டோம். பிறந்த மண்ணின் பேரைப் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்குவதை விடப் பெரிய களவு என்ன இருக்கிறது? சாப்பாட்டைத் தட்டி விடுவார்கள். ஆசிரியரிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "பகிடிக்குத்தானேடா, ஆம்பிளைப் பிள்ளை இதுக்கெல்லாம் அழலாமா" என்றார். அதற்குப் பிறகு ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இரண்டு கிழமை பாடசாலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, துறையடியில் லோஞ்சு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

ஒரேயொரு பையன். பேர் சொல்லவில்லை, இன்றைக்கு எங்கோ நல்லாக இருப்பான். அவன் அந்தக் கூட்டத்தை எதிர்த்துச் சண்டை பிடிக்கவில்லை, வாத்தியாரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. சாப்பாட்டு நேரம் எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான். அதனால்தான் நாங்கள் திரும்பப் பாடசாலைக்குப் போனோம்.

இனிச் சொல்வது சொல்ல விருப்பமில்லாதது. அடுத்த வருடம் அந்த வகுப்புக்கு இன்னொரு பிள்ளை வந்தான். மலையகத்துக் குடும்பம். 1977 இலும் 1983 இலும் கலவரங்களில் அடிபட்டு, மலையகத்திலிருந்து வடக்குக் கிழக்குப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம் என்று உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். திருகோணமலை மாவட்டத்திலும் குடியேறினார்கள். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. அவனுடைய பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு சொல் சொன்னார்கள். அந்தச் சொல் உங்களுக்கு நல்லாகவே தெரியும். தோட்டக்காட்டான்.

வகுப்பில் அந்தச் சொல்லை முதலில் சொன்னது நாங்கள்தான்.

ஏன் சொன்னோம்? அவன் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. 'கட்டை' என்ற பேர் எங்களை விட்டுப் போகவேண்டுமென்றால் இன்னொருத்தனுக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து எங்களை ஒருத்தரும் கட்டை என்று கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை இரண்டாம் தவணைக்கு வரவில்லை. எங்கே போனான் என்று தெரியாது. பிறகு காலம் எங்களை இந்தத் தோட்டங்களுக்கே கொண்டுவந்து சேர்த்தது. உங்கள் லயத்து வாசலில் நின்று "அம்மா இருக்கிறீங்களா" என்று குரல் கொடுக்கும்போது, சில நாட்களில் அவனுடைய தாயைத்தான் கூப்பிடுகிறோமோ என்று தோன்றும்.

ஆகவே 'அடிக்கிற பிள்ளை கெட்ட பிள்ளை, அடிபடுகிற பிள்ளை நல்ல பிள்ளை' என்று எங்களால் சொல்ல முடியாது. இது கைமாறிக்கொண்டே போகிற காசு மாதிரி. எங்கள் ஊரிலேயே பார்த்தோம். 2006 இல் சம்பூர்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். 2015 இலிருந்துதான் படிப்படியாகச் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடிந்தது. ஒரு முறை லீவில் போனபோது எங்கள் சொந்தக்காரப் பிள்ளையே ஒரு சிறுவனை "டேய் முகாம்" என்று கூப்பிட்டதைக் கேட்டோம். அந்தப் பிள்ளையின் தகப்பனும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்தவர்தான். பிள்ளைக்கு அது தெரியாது. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, பகிடிக்கும் வதைக்கும் என்ன வித்தியாசம்? பிள்ளைகள் என்றால் சண்டை பிடிப்பார்கள், பட்டம் சொல்வார்கள், பின்னேரம் ஒன்றாகப் பந்தடிப்பார்கள். அதற்கெல்லாம் நாம் ஓடக்கூடாது. நோர்வே நாட்டில் டான் ஒல்வேயஸ் என்றொரு பேராசிரியர் இருந்தார், 2020 இல் காலமானார். இந்த விடயத்தை ஆராய்வதிலேயே வாழ்க்கையைச் செலவழித்தவர். அவர் மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, திருப்பிக் கொடுக்க முடியாதவனுக்குச் செய்வது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது பகிடி அல்ல. நமது பாஷையில் இன்னும் லேசாகச் சொல்லலாம்: இரண்டு பேரும் சிரித்தால் பகிடி, ஒருத்தன் மட்டும் சிரித்தால் வதை.

அந்த நாட்டில் 1982 இன் கடைசியில் மூன்று சிறுவர்கள், பாடசாலையில் பட்ட கொடுமையினால் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் விழித்தது. அடுத்த வருடம் நாடு முழுவதும் இயக்கம் தொடங்கினார்கள். பேர்கன் நகரத்தில் 42 பாடசாலைகளைப் பார்த்தபோது இரண்டு வருடத்தில் இந்தக் கொடுமை பாதியளவுக்குக் குறைந்திருந்தது. அவர்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இடைவேளையில் ஆசிரியர்கள் வெளியே நின்று பார்த்தார்கள், வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து சட்டம் போட்டார்கள், பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். நமது பாடசாலைகளில் இதற்கு ஒரு சதம் செலவாகாது.

பின்லாந்துக்காரர்கள் இன்னொரு வழியைப் பிடித்தார்கள். 'கீவா' என்ற திட்டம், 2009 இலிருந்து நாடு முழுவதும் நடந்தது. அவர்கள் அடிக்கிறவனையும் அடிபடுகிறவனையும் விட, சுற்றி நின்று பார்க்கிறவர்களைத்தான் முக்கியமாகப் பிடித்தார்கள். பார்க்க ஆள் இல்லாவிட்டால் கூத்து நடக்குமா? எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தானே, அந்தப் பையனை மாதிரிப் பத்துப் பிள்ளைகளை வகுப்பில் உண்டாக்குவதுதான் அவர்களுடைய வேலை. இதைப் படித்தபோது எங்களுக்குக் கண் கலங்கியது. 2019 இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையில், உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை ஒரு மாத காலத்துக்குள் ஒரு முறையாவது இப்படிக் கொடுமைக்கு ஆளாகியிருந்ததாகச் சொன்னார்கள். இந்த மண்டபத்தில் பாடசாலை போகும் முப்பது பிள்ளைகளின் பெற்றோர் இருந்தால், கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நம்முடைய தமிழ்ப் பிள்ளைகளிடம் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். நெஞ்சைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி. நம்மில் பலருடைய பூட்டன் பாட்டன்மார் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள்தான். 2023 ஆகஸ்ட் மாதம். வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவன் ஒருவனை, கூடப் படித்த மேல்சாதிக்கார மாணவர்கள் தொடர்ந்து கொடுமைப்படுத்தினார்கள். அவன் பாடசாலைக்குப் போகாமல் நின்றுவிட்டான். பாடசாலையில் காரணம் கேட்டபோது விடயம் வெளியே வந்தது. முறைப்பாடு செய்யப்பட்டது. அன்று இரவே அந்த மாணவர்கள் வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன சின்னத் தங்கச்சிக்கும் வெட்டு. அதைக் கண்ட அதிர்ச்சியில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் இறந்தே போனார்.

பிள்ளைகள் இருவரும் பிழைத்தார்கள். அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் இருந்து எழும்பி, கை முழுக்கக் காயத்தோடு படித்து, 2024 இல் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் 600 க்கு 469 எடுத்தான்.

அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துருவைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் கலர்க் கயிற்றைக் கையில் கட்டக்கூடாது, வகுப்பில் எழுத்து வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், பெரிய பாடசாலைகளுக்குத் தனியாக ஒரு நலன்புரி அலுவலரை நியமிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். கையில் கட்டும் கயிறு சின்ன விடயம் என்று நினைக்கிறோம். மேல் லயம், கீழ் லயம் என்று நாமே கோயில் திருவிழாவில் பிரித்துக் கதைக்கிறோமே, அதுவும் ஒரு கயிறுதான். உங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

அந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முறைப்பாடு செய்த அன்றிரவுதான் வெட்டு விழுந்தது. அதற்காக வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளை வாயைத் திறந்த அந்த நாளிலிருந்து ஒரு கிழமைக்கு அதைத் தனியே விடக்கூடாது என்று சொல்கிறோம். போகும்போது ஆள், வரும்போது ஆள். நமது பிள்ளைகளுக்கு அடி விழுவது அதிகமாக வகுப்பில் அல்ல, வழியில். பஸ் நிற்கும் இடம், தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதை, ஆற்றுப் பாலம். அந்தப் பிள்ளை விடயத்தில் நாங்கள் முதலில் செய்தது இதுதான். பத்தாம் தரத்தில் படிக்கும் இரண்டு அக்காமாரைச் சேர்த்துவிட்டோம். டிவிஷனிலிருந்து போகும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவது. சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு நடந்து, டவுன் எல்லையில் மாற்றிக்கொள்வது. இந்த யோசனை எங்களுடையதல்ல, அந்த அக்காமாருடையது.

பிறகு தாயையும் கூட்டிக்கொண்டு வகுப்பாசிரியரைப் பார்க்கப் போனோம். தாய்க்குப் பயம். "நம்மள உள்ளே விடுவாங்களா ஐயா" என்றார். ஏன் விடமாட்டார்கள்? பேர் போகுமே என்று யோசித்தால் ஒரு நாள் அரைப்பேரோடு போங்கள். கோபத்தோடு போகாதீர்கள், அழுதுகொண்டும் போகாதீர்கள். என்ன திகதி, எந்த இடம், என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், யார் பார்த்தது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், எழுதித் தருவோம். வகுப்பாசிரியர் கேட்காவிட்டால் அதிபர். அதிபரும் தட்டிவிட்டால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. காசு போகாது, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். இந்த இலக்கத்தைக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதி வையுங்கள்.

அந்த ஆசிரியை நல்ல மனுஷி. அவர் ஒருத்தருக்கும் அடிக்கவில்லை. வாங்கு மாற்றினார். கட்டளை போட்ட பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார். பார்த்தால் அந்தப் பிள்ளையின் வீட்டில் தகப்பன் தினமும் குடித்துவிட்டுத் தாயைப் பெயர் சொல்லி ஏசுகிறவராம். கேட்ட ஏச்சைத்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

ஐயாமார்களே, உங்களில் சிலர் இப்போது தரையைப் பார்க்கிறீர்கள். ஏச வரவில்லை. ஆனால் நம்முடைய பிள்ளையைப் பற்றி முறைப்பாடு வந்தால், "என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்று பாடசாலையில் சண்டை பிடிப்பதும் பிழை, வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றுவதும் பிழை. பெல்ட்டால் அடிவாங்கிய பிள்ளை, அடுத்த நாள் தன்னை விடச் சின்னவனைத்தான் தேடும். என்ன செய்தாய் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். மன்னிப்புக் கேட்க நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். தகப்பன் பக்கத்தில் நிற்கும்போது மன்னிப்புக் கேட்கும் பிள்ளைக்கு அவமானம் வராது.

அடிபடும் பிள்ளையிடம் "நீயும் திருப்பி அடி" என்று சொல்லாதீர்கள். முடிந்திருந்தால் அடித்திருக்கும். "என்னத்தைச் செஞ்சே, சும்மா அடிப்பாங்களா" என்று கேட்பது அதை விடக் கொடுமை. பின்னேரம் வந்ததும் "பாடம் எழுதினியா" என்று கேட்பதற்கு முந்தி, "இன்னைக்கு யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே" என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் பேரும் சொல்லாவிட்டால் கவனிக்க வேண்டும். சாமான் அடிக்கடி தொலைகிறதா, காசு கூடக் கேட்கிறதா, சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறதா, ராத்திரி திடுக்கிட்டு எழும்புகிறதா, அதையும் பாருங்கள்.

கைத்தொலைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 இல் பாடசாலைகள் பூட்டியபோது போனில் பாடம் படித்தார்கள். அப்போது வீட்டுக்கு வந்த போன் பிறகு வெளியே போகவில்லை. முந்தி பாடசாலை மணி அடித்தால் கொடுமை முடியும், இப்போது அது போனுக்குள் ஏறி லயத்துக்கே வருகிறது. ஒரு பிள்ளையின் போட்டோவை வெட்டி ஒட்டி அனுப்பினால், அழிக்கச் சொல்லி அவசரப்படாதீர்கள். அப்படியே வைத்துக்கொண்டு எங்களிடம் காட்டுங்கள், அதுதான் சாட்சி.

அந்தப் பெண்பிள்ளை இப்போது எட்டாம் தரம். போன கிழமை ரோட்டில் கண்டோம். புதிதாகச் சேர்ந்த ஆறாம் தரத்துப் பொடியன் ஒருவனின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனாள். சப்பாத்து முழுக்கச் சேறு. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

மடுவத்து அம்மா தேத்தண்ணி போட்டு வைத்திருக்கிறார். எல்லோருக்கும் முன்னால் கதைக்க முடியாத விடயம் யாருக்காவது இருந்தால், நாங்கள் ஆறு மணி வரைக்கும் மடுவத்து உள்காம்பராவில்தான் இருப்போம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாம்.